சூடானால் நிற்கும்

அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒர்க்‌ஷாப்பின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, இரண்டாவது குழியின் மேல் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. புதுப் பெயிண்டாம். கதவு இடுக்குகளில் பழைய நீலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையின் மேலேயே வெள்ளையை இழுத்துவிட்டிருந்தார்கள். இவ்வளவு அழகாக வேலை செய்கிற ஆள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர்தான். என் தங்கையின் கணவர்.

ஒர்க்‌ஷாப் மாப்பிள்ளையுடையது, மூளை என்னுடையது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மாற்றுவது. வண்டி நடுவழியில் நின்றால் பெட்ரோல் பம்பை மாற்றுவார். மறுபடி நின்றால் ஃபில்டர். அப்புறம் பிளக், அப்புறம் ரிலே. எதற்கும் அடங்காவிட்டால் டிரைவரை மாற்றிப் பார்க்கச் சொல்வார். நான் அந்த ரகம் இல்லை. நான் கோளாறைக் கண்டுபிடிக்கிறவன். கண்டுபிடிக்க எதுவும் இல்லாதபோது ஜாப் கார்டில் 'குறை எதுவும் இல்லை' என்று போட்டு ஆளை அனுப்பிவிடுவேன். எழுதி எழுதிக் கை வலித்ததால் அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தேன். அந்த ஸ்டாம்பின் மேல் எனக்குத் தனிப் பெருமை.

"மச்சான், இது உங்க தங்கச்சிக்கு" என்றார் மாப்பிள்ளை. "மூணு மணிக்கு நர்சரி பிள்ளைங்கள இதுலதான் ஏத்தப் போறா. சும்மா ஒரு பார்வை பாத்துடுங்க."

"சும்மா எதுக்குப் பாக்கணும்? என்ன கோளாறு?"

"கோளாறுன்னு ஒண்ணும் இல்ல. நேத்து ரெண்டு தடவ நின்னுச்சாம். கொஞ்ச நேரத்துல தானா எடுத்துக்கிச்சு. பம்ப் மாத்திட்டேன், ஃபில்டர் மாத்திட்டேன். அவதான் என்னென்னமோ சொல்றா."

"என்ன சொல்றா?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டி நின்னதும் உள்ள ஆஸ்பத்திரி வாடை அடிச்சுதாம். யாரோ கைய புடிச்ச மாதிரி இருந்துச்சாம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். என் தங்கை சின்ன வயதிலிருந்தே அப்படி. கொடியில் காயும் சட்டையைப் பார்த்துக் கத்துகிறவள். பேய் பார்த்தேன் என்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. ஒரு பயலாவது வெளிச்சத்தில் பார்த்திருக்கிறானா? எல்லாப் பேயும் இருட்டில்தான் வரும், அதுவும் கூட ஆள் இல்லாதபோது. சாட்சி இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. வண்டியானாலும் அதுதான் என் கொள்கை. என் முன்னால் நின்றால்தான் அது நிற்கிற வண்டி.

ஆனால் ஒன்பது பிள்ளைகள். ஒன்றுக்கும் ஐந்து வயது ஆகவில்லை. அவள் போகிற வழி பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறுகிறது. பின்னால் லாரிகள் பிரேக் பிடிக்க மனமில்லாமல் வரும். அங்கே ஒரு வேன் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"வண்டிய எங்க புடிச்சீங்க மாப்பிள்ளை?"

அவருக்குத் திடீரென்று கூரையில் இருக்கும் தகரம் மேல் அக்கறை வந்துவிட்டது. "தெரிஞ்ச இடம்தான் மச்சான். பின் கதவு மட்டும்தான் நசுங்கி இருந்துச்சு." சொல்லிவிட்டு, சாப்பிடப் போவதாக நழுவினார். பதினொன்றேகாலுக்கு யாருக்கு ஐயா பசிக்கும்?

வண்டியின் காகிதங்களைத் தேடி டேஷ்போர்டின் பெட்டியைத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் மாட்டுவார்களே, அந்தக் கட்டம் போட்ட தாள். மேலே 'பெயர்' என்ற இடத்தில் உருண்டையான கையெழுத்தில் 'வேன்' என்று இருந்தது. கீழே தேதி, ஓடிய நேரம், நின்ற நேரம், திரும்ப வந்த நேரம், குறிப்பு. வரிசையாகப் பதினாலு பதிவுகள்.

தாளின் நடுவில் ஒரு டீ கிளாஸின் வட்டம். அதன் பக்கத்தில் ஊதா மையில் என் ஸ்டாம்ப்.

குறை எதுவும் இல்லை.

அப்படியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் அந்த நர்ஸம்மா மூன்று தடவை வந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போட்டு, கட்டு மாற்றுகிற வேலை. வேன் அப்போது நீலம். "சூடானா நின்னுடுது சார், ஆறினா சரியாயிடுது" என்றாள். என்னிடம் வரும்போதெல்லாம் வண்டி ஆறித்தான் இருந்தது. ஸ்கேனரைச் செருகினேன், எந்தப் பிழை எண்ணும் காட்டவில்லை. தெருவை ஒரு சுற்று சுற்றினேன், குதிரை மாதிரி ஓடியது. இரண்டு தடவை ஸ்டாம்ப் அடித்து அனுப்பினேன். மூன்றாவது தடவை இந்தத் தாளோடு வந்து நின்றாள். எனக்கே சார்ட் போட்டுக் காட்ட வந்திருக்கிறாள் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாங்கி மேஜையில் போட்டு, அதன் மேல் என் டீ கிளாஸை வைத்தேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம். மனசுதான் சரியில்ல போல. நீங்களே ஒரு ஊசி போட்டு விட்டுருங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்து, தாளைத் துடைத்து, "ஸ்டாம்ப இதுலயே அடிச்சிடுங்க சார்" என்றாள். அடித்தேன், நன்றாக அழுத்தி.

மூன்று வாரம் கழித்துப் பாலத்தடியில் வேன் நின்றுபோய், பின்னால் வரும் வண்டிகளைக் கையாட்டி நிறுத்த இறங்கியவளை லாரி அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பாவம் என்றேன். வண்டியை விட்டு இறங்கியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இப்போதுதான் அந்தத் தாளை முதல் தடவையாகப் படித்தேன். நின்றதெல்லாம் முப்பத்தைந்து நிமிடத்திலிருந்து நாற்பதுக்குள். திரும்ப வந்ததெல்லாம் பதினொரு நிமிடத்தில். குறிப்பில், ஒவ்வொரு வரியிலும், ஒரே வாக்கியம்: 'ஆர்பிஎம் முள் முதலில் பூஜ்யத்துக்கு விழுகிறது. பிறகுதான் வண்டி குலுங்கி நிற்கிறது.'

பெட்ரோல் கோளாறாக இருந்தால் முள் தள்ளாடித் தள்ளாடி எஞ்சினோடு சேர்ந்து இறங்கும். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று விழுந்தால் அர்த்தம் ஒன்றுதான்: எஞ்சின் சுற்றுவதை எண்ணுகிற கிராங்க் சென்சார் செத்துவிட்டது. மூன்று தடவை என் கைக்கு வந்தும் நான் கண்டுபிடிக்காததை அவள் முள்ளைப் பார்த்தே எழுதிவைத்திருந்தாள். என் டீ கிளாஸுக்குக் கீழே இருந்தது விடை.

பதினாலாவது வரியில் நின்ற நேரம் 1.12. திரும்ப வந்த நேரம் காலியாக இருந்தது.

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

அந்த சென்சார் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, கட்டைவிரல் அளவுதான். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற கம்பிச் சுருள். எஞ்சினின் அச்சான கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின் துடிப்பு எழும். அறுபது பல் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டுதான் வைத்திருப்பார்கள். பல் விழுந்த அந்த ஓட்டையை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது, எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், எப்போது தீப்பொறி விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். துடிப்பு வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். புகார் எழுத அதற்குத் தோன்றாது. அதனால்தான் ஸ்கேனரில் பிழை எண் இல்லை. ஸ்கேனரை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவனைப் போல ஒரு முட்டாள் கிடையாது. இருபது வருடமாக நான் அந்த முட்டாள்.

குழிக்குள் இறங்கி மீட்டர் வைத்தேன். ஆறிய நிலையில் எண்ணூற்று எழுபது ஓம், கச்சிதம். ஸ்கோப்பின் இரண்டு கிளிப்புகளையும் சென்சார் வயர்களில் மாட்டி, துடிப்பைக் கோடாகக் காட்டும் அந்தத் திரையைக் குழிச் சுவரின் மாடத்தில் வைத்தேன். மேலே வந்து வண்டியைக் கிளப்பினேன். மணி 11.40.

வெளியே வெயில் கொளுத்தியது. தகரக் கூரை அங்கங்கே டக், டக் என்று விரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் என்னைத் தவிர யாரும் இல்லை. எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. சூடான ஆயில் நாற்றம், ரப்பர் நாற்றம், புதுப் பெயிண்டின் நாற்றம். நான் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் போனது.

12.17க்கு முள் விழுந்தது.

எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. குழிக்குள் குதித்தேன். திரையில் கோடு நேராகக் கிடந்தது. மீட்டர் வைத்தேன், இணைப்பே இல்லை. சூட்டில் விரிந்து உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சென்சாரின் கனெக்டரையும் பிடுங்கிவிட்டேன். இப்போது அது ஒரு செத்த பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான்.

அப்போது என் தலைக்கு மேல் வேன் அமிழ்ந்தது.

ஒரு விரல்கடை. டிரைவர் பக்கம் மட்டும். பட்டை ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ ஏறி உட்கார்ந்தால் அமிழ்கிற அமிழ்வு. ஆயிரம் தடவை கீழே இருந்து பார்த்திருக்கிறேன்.

"மாப்பிள்ளை?"

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

"விளையாடாதீங்க மாப்பிள்ளை. ஹேண்ட் பிரேக்க தொடாதீங்க."

ஆயில் நாற்றத்துக்கு நடுவே அந்த வாசனை மெல்ல இறங்கி வந்தது. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட். மூக்கைச் சில்லென்று அறுத்தது.

திரையில் கோடு அசைந்தது.

ஒரு மேடு. பிறகு நேர்கோடு. மறுபடி ஒரு மேடு.

கையை மேலே நீட்டி எஞ்சின் புல்லியைப் பிடித்துப் பார்த்தேன். கல்லாட்டம் நின்றிருந்தது. கனெக்டர் கழற்றிக் கிடக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. துடிப்பு வர வழியே இல்லை. ஸ்கோப் வேறெங்கோ இருந்து மின் இரைச்சலைப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஸ்கோப்பின் கிளிப்புகள் இரண்டையும் பிடுங்கிக் கையில் எடுத்தேன்.

மேடு வந்துகொண்டே இருந்தது.

பல் சக்கரத்தின் துடிப்பு கூர்மையாக, நெருக்கமாக இருக்கும். இது மெதுவாக வந்தது. என் காதுக்குள்ளும் அதே நேரம் அதே சத்தம் கேட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்தது என் நெஞ்சு.

இடது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

இரண்டு விரல்கள். சில்லென்று, ஈரமாக, பழகிய கையின் அழுத்தத்தோடு. நாடி பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் வைப்பார்களோ, சரியாக அந்த இடத்தில்.

பக்கத்தில் யாரும் இல்லை. பட்டப்பகல். மாடத்துப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கையை உதறிக்கொண்டு ஓட வேண்டும் என்று தோன்றியது, உதற முடியவில்லை. விரல்கள் இறுக்கவில்லை, இழுக்கவில்லை. எண்ணின. நிதானமாக, ஒரு முழு நிமிடம்.

மேடு, மேடு, மேடு.

பிறகு ஒரு ஓட்டை.

ஒரு துடிப்பு வர வேண்டிய இடம் காலியாகக் கடந்து போனது. நெஞ்சுக்குள் படிக்கட்டில் கால் தவறினாற்போல ஒரு சறுக்கல். சில மாதங்களாகவே அப்படி வந்துகொண்டிருந்தது. வாயு என்று விட்டிருந்தேன்.

காதோரம், மூச்சே இல்லாத குரல் கேட்டது.

"சூடானாதான் வரும் சார்."

விரல்கள் கொஞ்சம் நகர்ந்து மறுபடி பதிந்தன.

"காட்டப் போனா இருக்காது."

நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. வேன் ஒரு விரல்கடை எழும்பியதும்தான் மூச்சு வந்தது. திரையில் கோடு நேராக இருந்தது. குழியை விட்டு நான் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது, தவழ்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 12.28.

பதினொரு நிமிடம். கனெக்டரை மாட்டி மீட்டர் வைத்தால் எண்ணூற்று எழுபது ஓம் காட்டியிருக்கும். ஆனால் மறுபடி கீழே இறங்கி அதை மாட்டுவதற்கு எனக்கு இன்னொரு அரை மணி நேரம் ஆனது.

மாப்பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பில் எஞ்சின் எடுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா மச்சான்! ஒண்ணும் இல்ல!"

அந்தச் சொல்லை வேறொருவர் வாயால் கேட்டபோது எனக்கு அவரை அறையத் தோன்றியது. சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இது யாரோட வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குனீங்க?"

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு மச்சான்? பெயிண்ட் அடிச்சா தெரியாதுன்னு..."

"கிராங்க் சென்சார் போயிருக்கு. போய் வாங்கிட்டு வாங்க."

"மாத்தினா உங்களுக்குப் புடிக்காதேன்னு பாத்தேன்" என்றார். குத்தலா, வெகுளித்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு அது தேவைதான்.

தங்கை இரண்டேகாலுக்கு வந்தாள். புது சென்சார் கிடைக்க நாளைக் காலை ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவளிடம் வண்டியைத் தர மாட்டேன் என்றேன்.

"என்னண்ணா விளையாடுறியா? ஒன்பது பிள்ளைங்க வாசல்ல நிக்கும். இவர் ஓடுதுன்னு சொல்றாரே!"

"ஓடும். பாலத்துக்குக் கீழ போறவரைக்கும் ஓடும்." பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "இதே வண்டிய ஒரு நர்ஸம்மா என்கிட்ட மூணு தடவ கொண்டுவந்தாங்க. நின்னுடுதுன்னு சொன்னாங்க. நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். அதனாலதான் செத்தாங்க."

அவள் என்னையே பார்த்தாள். என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை.

"அப்ப நான் சொன்னத நம்புறியா?"

"நம்புறேன்."

"கைய புடிச்சதையும்?"

இடது மணிக்கட்டை நான் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "அதையும்தான்" என்றேன்.

அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பின் பழைய காரில் நானே இரண்டு நடை அடித்துப் பிள்ளைகளை வீடு சேர்த்தேன். மறுநாள் சென்சாரை மாற்றி, வேனை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். பாலத்தடியில் ஆறு தடவை இறங்கி ஏறினேன். முள் ஒரு தடவைகூட விழவில்லை. தங்கை இப்போது அதைத்தான் ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரி வாடை இல்லை, கையை யாரும் பிடிக்கவில்லை என்கிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்டாம்பை ஆயில் டிரம்முக்குள் போட்டேன்.

செவ்வாய் இரவு சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து தாளை எடுத்தேன்.

மேலே 'பெயர்' என்ற இடத்தில் 'வேன்' என்பதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, ஆஸ்பத்திரியில் அடிப்பதைப் போல, அடித்த சொல் தெரிகிற மாதிரி. அதன் பக்கத்தில் அதே உருண்டைக் கையெழுத்தில் 'மெக்கானிக்' என்று இருந்தது.

பதினைந்தாவது வரி. திங்கட்கிழமை, 12.21. குறிப்பு: 'நாற்பது துடிப்புக்கு ஒன்று விழுகிறது.'

பதினாறாவது வரி செவ்வாய். பாலத்தடியில் ஆறாவது தடவை நான் ஏறிய நேரம். 'இருபதுக்கு ஒன்று.'

வியாழக்கிழமை டாக்டரிடம் போனேன். குளிரூட்டிய அறை. படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஈசிஜி கோடு எடுத்தார். ஒரு சறுக்கலும் வரவில்லை. நான் ஆறியிருந்தேன்.

"நல்லாத்தான் ஓடுது" என்றார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"வேலை செஞ்சு உடம்பு சூடானாதான் வருது டாக்டர். குறிச்சு வச்சிருக்கேன்." தாளை விரித்து அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. வெளியே வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். "மனசுதான் சரியில்ல போல" என்று சிரித்தார். உதவியாள் கொண்டுவந்த டீ கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அந்தத் தாளின் மேல் வைத்தார். என் பழைய வட்டத்துக்குப் பக்கத்தில், ஈரமாக, இன்னொரு வட்டம் பதிந்தது.

நான் கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தேன். தாளைத் துடைத்தேன். அதில் பதினேழாவது வரி இருந்தது. இன்றைய தேதி. நின்ற நேரம் எழுதியிருந்தது; சுவர்க் கடிகாரம் அந்த நேரத்தைத் தொட இன்னும் நாலு நிமிடம் இருந்தது. திரும்ப வந்த நேரம் காலி.

"டாக்டர்" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்துக்கொண்டிருந்தார்.

என் மணிக்கட்டில் இரண்டு விரல்கள் வந்து உட்கார்ந்தன.